சோழியின் பதின்மூன்றாம் வழக்கு

“நேத்து மத்தியானம் என் தங்கச்சி என்னைக் கூப்பிட்டா” என்றார் தேவமணி டீச்சர். “அவ கடலோட போயி இருபது வருஷம் ஆச்சு.”

டீ கிளாஸ் வாய்க்குப் போகும் வழியிலேயே பெனிஷாவின் கை நின்றுவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஒரு கடி ஜோக் அடிக்க வேண்டும். ‘தளவாய் துப்பறியும் நிலையம்’ என்கிற இந்த மாடி அறையில் அவளுடைய வேலையில் பாதி அதுதான். வருகிறவர்களின் பயத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் உண்மை தானாக எட்டிப் பார்க்கும் என்பது தளவாயின் கட்சி. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரைச் சிரிக்க வைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. ஐம்பத்து நாலு வயது. நாசரேத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கஞ்சி போட்ட வெளிர் நிறச் சேலை. மடியில் ஒரு துணிப்பை. உள்ளே ஏதோ உயிருள்ளது இருப்பதைப்போல அதன் வாயை இறுக்கிப் பிடித்திருந்தார்.

தளவாய் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். துறைமுகத்தில் இருபத்தைந்து வருடம் சரக்கு சர்வேயராக இருந்தவர். மூடிய மரப்பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, உள்ளே சரக்கு நனைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார் என்று பேர். இப்போது மனிதர்களைத் தட்டிப் பார்க்கிறார்.

“எப்படிக் கூப்பிட்டாங்க டீச்சர்?”

டீச்சர் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடல் நீலப் பெட்டி. அதன்மேல் இரட்டைப் பின்னலும் கையில் டார்ச் லைட்டுமாக ஒரு கார்ட்டூன் சிறுமி. அவள் தோளில் ஒன்றரைக் கண் நண்டு ஒன்று.

“ஐயோ, சோழி!” என்று கத்திவிட்டாள் பெனிஷா.

தளவாய் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ‘துப்பறியும் சோழி’! நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது நம்ம லோக்கல் கேபிள்ல சாயங்காலம் ஆறு மணிக்கு வரும். சோழின்னு ஒரு பிள்ளை, அவளுக்கு அசிஸ்டெண்ட் கவுட்டைன்னு இந்த நண்டு. பன்னிரண்டு வாரம் வந்துச்சு. பதின்மூணாவது வாரம் நான் மூஞ்சியெல்லாம் கழுவிட்டு உக்காந்திருக்கேன், வரவேயில்ல. அன்னைக்கு அழுத அழுகையில எங்க வீட்டுல எனக்குக் காய்ச்சல் மாத்திரை குடுத்துட்டாங்க.”

“அதைத்தான் இப்ப பெட்டி போட்டு விக்காங்களாம்” என்றார் டீச்சர். “டிவிடியா. யாரு அனுப்பினதுன்னு தெரியல, ஸ்கூல் விலாசத்துக்கு வந்துச்சு. அந்தச் சோழிக்குக் குரல் குடுத்தது என் தங்கச்சி பெர்சி.”

சோழிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்திருப்பாள் என்று பெனிஷா ஒரு நாளும் நினைத்ததில்லை.

டீச்சர் சொன்னார். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். பன்னிரண்டு வயது மூத்த அக்காதான் பெர்சியை வளர்த்தாள். அப்போது இரண்டு பேரும் தூத்துக்குடியில் வாடகை வீட்டில் இருந்தார்கள். பி.காம் முடித்த பெர்சி, அக்காவுக்குத் தெரியாமல் ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோவுக்குப் போய்க் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து ஐந்து, ஜூலை பதினாலு. வீட்டில் ஒரு சண்டை. பெர்சி வெளியே போனாள். சாயங்காலம், விளக்குப் போடுகிற நேரம், திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

“நான் திறக்கல.”

மறுநாள் துறைமுகத்துக்குப் போகிற வழிக் கடற்கரையில் அவளுடைய பையும் செருப்பும் கிடந்தன. சங்கு குளிக்கிற ஆட்கள் இரண்டு நாள் முங்கித் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

“அவ பேசினது பன்னிரண்டு கதைதான். பதின்மூணாவது அவ பேசவே இல்ல, அதுக்குள்ள போயிட்டா. ஆனா இந்தப் பெட்டியில பதின்மூணு இருக்கு. அதுலயும் அவதான் பேசுதா.”

பெனிஷா நோட்டைத் திறந்தாள். “தங்கச்சிக்கு என்ன வயசு டீச்சர்?”

“நாப்பத்திரண்டு.”

எழுதிக்கொண்டாள். ஸ்டுடியோ பெயர், முதலாளி பெயர், எல்லாம் எழுதிக்கொண்டாள். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு டிவிடி பிளேயர் தேடிப் பிடித்துக்கொண்டு வர அரை மணி நேரம் ஆனது. “இந்தக் காலத்துல இதைக் கண்டுபிடிச்சதுக்கே எனக்கு ஒரு கேஸ் முடிச்ச கணக்கு” என்று சொல்லிக்கொண்டே ஒயரைச் சொருகினாள்.

திரையில் கடல் வந்தது. அலைமேல் ஒரு வெள்ளைக் கப்பல். மாலுமி யாருமில்லாத கப்பல். சோழி டார்ச்சை அடித்துக்கொண்டு படியேறினாள். “கவுட்டை, மூச்சு விடாதே. இந்தக் கப்பலுக்குக் காது இருக்கு.”

அதே குரல். கிணற்றுக்குள் கல் விழுந்தது போன்ற அந்தக் கணீர். இருபது வருடம் அவளுக்காகக் காத்திருந்த வாரம் இப்போது வந்துவிட்டது. ஆனால் பெனிஷாவின் முழங்கை முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. குரலுக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்றும் கேட்டது. முணுமுணுப்பு. நிறையப் பேர் எங்கோ தூரத்தில் நின்று யாரையோ கூப்பிடுவதைப்போல.

டீச்சர் சட்டென்று ரிமோட்டை அமுக்கி நிறுத்தினார்.

“இதுக்கு மேல என்னால கேக்க முடியாது. கடைசியில ‘கதவைத் திற’ன்னு கூப்பிடுதா. இது யாரு வேலைன்னு எனக்குத் தெரியணும்.”

*

ஸ்டுடியோ பழைய துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஒரு ஐஸ் பேக்டரியை ஒட்டி இருந்தது. இப்போது அங்கே கல்யாண வீடியோதான் எடிட் செய்கிறார்கள். டீச்சர் காரைவிட்டு இறங்கவில்லை. “நான் இங்கனயே இருக்கேன்” என்றார்.

முதலாளி எஸ்றாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். தளவாய் சுற்றி வளைக்கவில்லை.

“பதின்மூணாவது கதையை எப்போ ரெக்கார்ட் பண்ணுனீங்க?”

எஸ்றா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் பண்ணல.”

“பிறகு?”

“அந்தக் காலத்துல பாத்த பிள்ளைகள்லாம் இப்ப வளந்து, வாட்ஸப்ல குரூப் வச்சு, ‘சோழி வேணும், சோழி வேணும்’னு கேட்டுட்டே இருந்தாங்க. சரி, பன்னிரண்டையும் சுத்தம் பண்ணி ஐந்நூறு பெட்டி போடலாம்னு இறங்குனேன். பேஸ்புக்ல அறிவிச்ச ரெண்டாவது மாசம், வாசல் இரும்புக் கேட்டுல ஒரு கவர் சொருகி இருந்துச்சு. உள்ள ஒரு பென் டிரைவ். ‘மிச்சம் ஒண்ணு இருக்கு, சேத்துப் போடுங்க’ன்னு ஒரு துண்டுச் சீட்டு. போட்டுப் பாத்தேன். பெர்சி பேசுதா.”

“யாருன்னு விசாரிக்கலையா?”

“பயமா இருந்துச்சு அண்ணாச்சி. கேட்டா, பதில் வந்துருமோன்னு.”

பெனிஷா குறுக்கே வந்தாள். “ஏன் அண்ணாச்சி, இப்பதான் செத்தவங்களை ஏ.ஐ. பேச வைக்குதே. பன்னிரண்டு கதைக் குரலைத் தின்னக் குடுத்தா பதின்மூணாவதைக் கக்கிரும்.”

“கக்கும்” என்றார் தளவாய். “ஆனா மெஷின் பேசினா பின்னால இரைச்சல் வராது. எஸ்றா, அந்தக் கடைசிக் காட்சியைப் போடுங்க. முதல்ல சத்தம் இல்லாம.”

திரையில் சோழி கப்பலிலிருந்து தப்பி, மழையில் நனைந்து, தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதவை ஓங்கித் தட்டினாள். ஒரு கணம் வாய் மூடியபடியே நின்றாள். பிறகு வாய் திறந்தது; உதடுகள் ஒட்டின; மறுபடி திறந்தது. அப்புறம் வரிசையாக அசைந்தன.

“என்ன சொல்லுதா?” என்றார் தளவாய்.

பெனிஷா தானும் உதட்டைத் திறந்து மூடிப் பார்த்தாள். “அ... ம்... மா. அம்மா, கதவைத் திற.”

எஸ்றா தலையாட்டினார். “ஸ்கிரிப்ட்டுல அதான். ‘அம்மா, கதவைத் திற.’ அந்த வாயை வரைஞ்சவன் கில்லாடி. சிவபாலன்னு பேரு. ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு தனியா வரைவான்.”

“இப்போ சத்தத்தோட போடுங்க.”

சோழி கதவைத் தட்டினாள். வாய் மூடியிருக்கும்போதே குரல் தொடங்கிவிட்டது.

“பெரியம்மா, கதவைத் திற!”

பக்கத்து ஐஸ் பேக்டரியில் பாளம் விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

“படம் வரைஞ்சது அம்மாவுக்கு. பேசினது பெரியம்மாவுக்கு” என்றார் தளவாய். “முன்னால ஒட்டின அந்த ரெண்டு எழுத்துக்கு வாயே இல்ல. எழுதிக் குடுத்ததை வாசிக்கிற மெஷின் எதுக்கு அதைச் சேர்க்கப் போகுது? எஸ்றா, அந்தச் சிவபாலன் எங்க?”

“அது ஒரு சோகம். பெர்சி போன அதே வாரம் அவனும் சொல்லாம கொள்ளாம பம்பாய் போயிட்டான். பதின்மூணாவது கதைக்கு வரைஞ்ச தாளெல்லாம் அவன் கையில. குரலும் போச்சு, கையும் போச்சுன்னு நான் கடையைக் கட்டிட்டேன்.”

பெனிஷா துள்ளி எழுந்தாள். “ஏ அப்பா! ரெண்டு பேரும் ஓடிப் போயிருக்காங்க. பெர்சி சாகல அண்ணாச்சி! பிள்ளை குட்டின்னு ஆயிருக்கும். நம்ம வீடுகள்ல பொம்பளைங்க பிள்ளை முறையிலதான கூப்பிடுவாங்க? எங்க அம்மா எங்க அப்பாவோட தம்பியைச் சித்தப்பான்னுதான் கூப்பிடும். அதே மாதிரி, அக்காவைப் பெரியம்மான்னு கூப்பிடுதா!”

தளவாய் அவள் சொன்னதை மறுக்கவில்லை. “அந்த இரைச்சலை மட்டும் தனியாத் தூக்கிக் காட்டுங்க” என்றார் எஸ்றாவிடம்.

எஸ்றா ஏதேதோ பொத்தான்களைத் திருகினார். சோழியின் குரல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அதன் அடியில் கிடந்தது மேலே மிதந்து வந்தது. கரகரப்பான ஆண் குரல்.

“...எங்கிருந்தாலும்... உடனே வரவும்... உங்களைக் காணாமல் உங்கள் குடும்பத்தார்... எங்கிருந்தாலும்...”

எஸ்றா பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார். “இதான். இதைக் கேட்டுத்தான் நான் மூணு நாள் தூங்கல. செத்தவங்களைக் கூப்பிடுற மாதிரி.”

“இன்னும் கொஞ்சம் விடுங்க.”

“...நாழிக்கிணறு பக்கத்தில் உள்ள அறிவிப்பு நிலையத்துக்கு...”

பெனிஷாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாழிக்கிணறு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

“திருச்செந்தூர்! சஷ்டிக் கூட்டத்துல தொலைஞ்சவங்களைக் கூப்பிடுற மைக்கு! நல்ல வேளை எஸ்றா சார், நீங்க பேய் ஓட்ட ஆளைக் கூப்பிடல. அவரு வந்து முருகனையே ஓட்டியிருப்பாரு.”

*

கார் உப்பளங்களைத் தாண்டி ஓடியது. வெயிலில் வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் குத்தின. அவற்றுக்கு நடுவே ஓர் ஆள் கூட இல்லை. பின் சீட்டில் டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பெனிஷா திரும்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூடிய வாய், ஒட்டிய இரண்டு எழுத்து, படம் வரைகிற சிவபாலன், மைக். “உங்க தங்கச்சி உயிரோட இருக்காங்க டீச்சர். முக்கால்வாசி நிச்சயம்.”

டீச்சர் ‘அப்படியா’ என்று கேட்கவில்லை. கர்த்தரைக் கூப்பிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “சிவபாலன்கூடவா இருக்கா?” என்றார். அவ்வளவுதான்.

கண்ணாடியில் தளவாய் டீச்சரின் முகத்தைப் பார்த்ததை பெனிஷா கவனித்தாள். அவர் கியரை மாற்றினார்.

திருச்செந்தூருக்குள் நுழைந்தபோது பிற்பகல் மூன்று மணி. கடல் காற்று மணலை வாரித் தெருவில் இறைத்துக்கொண்டிருந்தது. காரை நிறுத்தின இடத்துக்கே அந்த மைக் கேட்டது. யாரோ ஒரு ராஜபாளையத்துக்காரரை அது விடாமல் கூப்பிட்டது. எங்கிருந்தாலும், எங்கிருந்தாலும் என்று ஒவ்வொரு தடவை அது சொன்னபோதும் டீச்சரின் விரல்கள் பையின் வாரை ஒரு சுற்றுச் சுற்றின.

“நீ இறங்கிப் பாரு பெனிஷா” என்றார் தளவாய். “நாங்க இங்கன இருக்கோம்.”

“ஊரு முழுக்கவா? அண்ணாச்சி, இங்க மொட்டைத் தலையைக்கூட அடையாளம் கண்டுபிடிச்சிரலாம். குரலை எங்க போய்த் தேட?”

“குரலைத் தேடாதே. கையைத் தேடு.”

அவளுக்குப் புரிந்தது. படம் வரைகிறவன் பிழைப்புக்கு என்ன செய்வான்? போர்டு எழுதுவான். அவள் கழுத்தை அண்ணாந்து கடை போர்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தாள். லாட்ஜ்கள், பஞ்சாமிர்தக் கடைகள், சங்கு வளையல் கடைகள். எல்லாவற்றிலும் வேலும் மயிலும். சன்னதித் தெருவில் ஒரு பொம்மைக் கடையின் முன்னால் நின்றுவிட்டாள். போர்டின் மூலையில் ஒரு நண்டு பலூன் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு கண் பலூனைப் பார்த்தது. மற்ற அரைக் கண் அவளைப் பார்த்தது.

கவுட்டை.

“அண்ணாச்சி, இந்த போர்டு யாரு வரைஞ்சது?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ஜீவா டிஜிட்டல். பம்பாய்ல இருந்து வந்த ஆளு. நல்லாத்தான் வரைவாரு, ஆனா முருகனுக்குப் பக்கத்துல நண்டு எதுக்குன்னு கேட்டா சிரிக்காரு.”

ஜீவா டிஜிட்டல் ஒரு குறுகிய கடை. வாசலில் காய்ந்துகொண்டிருந்த பிளெக்ஸ் படுதாக்கள் காற்றில் படபடத்தன. கல்யாண வாழ்த்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. ஏதேதோ முகங்கள் உப்பி உப்பி அடங்கின. உள்ளே பிரிண்டர் ஓடும் சத்தம். பெனிஷா படியில் கால் வைத்தாள்.

“பேரைச் சரியா ஒரு தடவை சொல்லுங்க. குறிலா, நெடிலா?”

சோழி பேசினாள்.

பெனிஷாவின் கால் தானாகப் பின்வாங்கியது. எட்டு வயதில் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளையாக ஒரு கணம் ஆகிவிட்டாள். போனை வைத்துவிட்டு பிரிண்டருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தவளுக்கு நாற்பத்திரண்டு வயது இல்லை. பத்தொன்பது இருக்கும். ஒல்லியான பெண், கையெல்லாம் மை.

“என்ன போர்டு அக்கா?”

“பெர்சி... பெர்சி அம்மாவைப் பாக்கணும்.”

அந்தப் பெண் பெனிஷாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு போட்டோ இருந்தது. மாலை போட்டு, கீழே குட்டி சிவப்பு பல்பு. தேவமணி டீச்சரின் அதே நெற்றி. ஆனால் சிரிக்கிற வாய்.

“நீங்க பெரியம்மா அனுப்பி வந்திருக்கீங்களா?” என்றாள் அந்தப் பெண். பேர் ஜீவமணியாம்.

*

அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பெனிஷா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு கடியும் மிச்சமில்லை.

அன்றைக்குக் கதவு திறக்காததால் பெர்சி கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தாள். தேடி வந்த சிவபாலனோடு எழுந்து பஸ் ஏறினாள். பையையும் செருப்பையும் வேண்டுமென்றுதான் விட்டுவிட்டுப் போனாள். இரண்டும் அக்கா வாங்கிக் கொடுத்தவை. “உன்னோடது ஒண்ணும் எனக்கு வேண்டாம்னு ஒரு வீம்பு. அதைப் போயிக் கடல்ல விழுந்துட்டான்னு நினைப்பாங்கன்னு அம்மாவுக்குத் தோணவே இல்லையாம்.”

பம்பாயில் பதினைந்து வருடம். பிறகு கொரோனாவின் அந்த இரண்டாவது அலை. ஆஸ்பத்திரிக்குள் போன பெர்சி திரும்பி வரவில்லை. “எங்களைப் பாக்கவே விடல அக்கா. ஒரு டோக்கன் நம்பர் குடுத்தாங்க. அவ்வளவுதான்.” அதற்கு மேல் பம்பாயில் இருக்கப் பிடிக்காமல் அப்பாவும் மகளும் திருச்செந்தூர் வந்தார்கள். அப்பா இப்போது உடன்குடியில் போர்டு மாட்டப் போயிருக்கிறார்.

“போன வருஷம் நான் மட்டும் நாசரேத் போனேன். பெரியம்மா வீட்டுக்குப் போறதுக்கு முந்தி, தாத்தா ஆச்சி கல்லறையைப் பாப்போம்னு போனேன். அங்க பக்கத்துலயே எங்க அம்மா பேருல ஒரு கல்லு இருந்துச்சு.” அவள் விரலில் இருந்த மையைத் துடைத்தாள். “எனக்கு அம்மா கல்லறைன்னு உலகத்துல எங்கயும் ஒண்ணு இல்ல. இருக்கிற ஒரே கல்லுல, அம்மா செத்த தேதி நான் பொறக்கிறதுக்கு முந்தி போட்டிருக்கு. அப்ப நான் யாரு? பெரியம்மா வீட்டுக் கேட்டு வரைக்கும் போனேன். அவங்க செடிக்குத் தண்ணி விட்டுட்டு இருந்தாங்க. கூப்பிட வாய் வரல. வந்துட்டேன்.”

பிறகுதான் எஸ்றாவின் அறிவிப்பை போனில் பார்த்தாள். அப்பாவின் பெட்டியில் பழைய தாள்கள் இருந்தன. அப்பா அதை ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணிக் கொடுத்தார். அம்மா சமைக்கும்போதெல்லாம் சோழி மாதிரி பேசிக் காட்டுவாள்; கேட்டுக் கேட்டு இவளுக்கும் அந்தக் குரல் வந்துவிட்டது. மாடியில் போர்வையை மூடிக்கொண்டு பேசினாள். வெளியே சஷ்டி மைக் கத்தியது. “ரெண்டு எழுத்து மட்டும் நானாச் சேத்தேன். பெட்டி வந்ததும் ஒண்ணு வாங்கி அவங்க ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன்.”

மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய கடிதக் கவரை எடுத்து நீட்டினாள். “பெரியம்மாவுக்குத் தெரியாம இருந்துச்சுன்னு மட்டும் நினைக்காதீங்க.”

பம்பாயிலிருந்து வந்த கவர். ‘அனுப்புநர்: பெர்சி சிவபாலன்.’ ஒட்டியது ஒட்டியபடி, பிரிக்காமல். குறுக்கே யாரோ ஒரு தபால்காரர் எழுதியிருந்தார்: ‘பெற மறுத்துவிட்டார்.’ முத்திரை, இரண்டாயிரத்து ஆறு, ஜூன்.

*

பெனிஷா காருக்குக் கொண்டுவந்த கவரைத் தளவாய் வாங்கிப் பார்த்தார். டீச்சரின் மடியில் வைத்தார். டீச்சர் அதைத் தொடவில்லை.

“பெர்சி இல்ல டீச்சர்” என்றாள் பெனிஷா. அவள் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை. “நாலு வருஷம் ஆச்சு. பேசினது அவங்க மக.”

மைக் ஓய்ந்திருந்தது. ராஜபாளையத்துக்காரர் கிடைத்துவிட்டார் போலிருக்கிறது.

“காலையில பெனிஷா உங்க தங்கச்சி வயசைக் கேட்டா” என்றார் தளவாய் மெதுவாக. “நீங்க நாப்பத்திரண்டுன்னீங்க. இருபத்திரண்டு வயசுல கடல்ல போனவளுக்கு இருபத்திரண்டுதான் வயசு. செத்தவங்களுக்கு வயசு ஏறாது. கணக்கு டீச்சர் நீங்க, வருஷா வருஷம் ஒண்ணு ஒண்ணாக் கூட்டிக்கிட்டே வந்திருக்கீங்க. அப்பவே எனக்குப் பெட்டிக்குள்ள ஈரம் இருக்குன்னு தெரியும்.”

டீச்சர் மடியிலிருந்த கவரைக் குனிந்து பார்த்தார்.

“கவர்ல அந்தப் பேரைப் பாத்தேன். பெர்சி சிவபாலன். அவ உயிரோட இருக்கான்னு சந்தோசப்படல நான். ஊரெல்லாம் துக்கம் கேட்டுப் போயிருக்கு. சர்ச்சுல ஜெபம் பண்ணியாச்சு. ஓடிப்போனவளுக்கு அக்கான்னு எப்படிப் போயிச் சொல்ல? திருப்பி அனுப்பிட்டேன். அடுத்த மாசமே கல்லு வச்சேன். கல்லு வச்சிட்டா அவ வரமாட்டான்னு நினைச்சேன்.” முகத்தைத் துடைக்காமலே பேசினார். “டிவிடியில ‘அக்கா’ன்னு கூப்பிட்டிருந்தா, அது என் மனசுல இருக்கிற பேயின்னு விட்டிருப்பேன். ‘பெரியம்மா’ன்னு கேட்டுச்சு. எனக்கு ஒரு பிள்ளை இருக்குன்னு நேத்துதான் எனக்குத் தெரியும். ஆனா பெர்சி போனது... அது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

அவர் கதவைத் திறந்து இறங்கினார். பெனிஷா பிடிக்கப் போனாள். தளவாய் தலையசைத்துத் தடுத்தார். கொஞ்சம் தள்ளி இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

ஜீவமணி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் படிக்குக் கீழே நின்று அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார்.

“எப்போ?” என்றார்.

“மே பத்தொம்பது. இரண்டாயிரத்து இருபத்தொண்ணு. காலையில ஒன்பது மணி.”

டீச்சரின் கண்கள் எதையோ தேடி அலைந்தன. “அன்னைக்கு... அன்னைக்குக் காலையில நான் என்ன செஞ்சிட்டிருந்தேன்னு எனக்கு ஞாபகம் வரல. ஒண்ணுமே ஞாபகம் வரல.” வருஷாவருஷம் ஜூலை பதினாலு அன்று பிசகாமல் வந்த அழுகை இப்போது வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார்.

ஜீவமணி உள்ளே போய் ஸ்டூலை எடுத்து வந்து வாசலில் போட்டாள்.

“உட்காருங்க, டீச்சர்.”

அந்தச் சொல் விழுந்த இடம் பெனிஷாவுக்கே வலித்தது. டீச்சர் உட்கார்ந்தார். பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அமுக்கி, மூன்றாவது தடவைதான் நம்பரைக் கண்டுபிடித்தார்.

“நல்லக்கண்ணு, நான் தேவமணி டீச்சர் பேசுதேன். நாளைக்குக் காலையில கல்லறைத் தோட்டத்துக்கு கொத்தனாரைக் கூட்டிட்டு வா. ஒரு கல்லை எடுக்கணும்... எங்க அப்பா கல்லு இல்ல. தங்கச்சி கல்லு.”

மறுமுனையில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். டீச்சர் போட்டோவைப் பார்த்தபடியே இருந்தார். ஜீவமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தேதி தப்பா இருக்கு” என்றார் டீச்சர். “நான்தான் தப்பா எழுதிட்டேன்.”